‘ஓரளவு திருப்தி’க்கு எத்தனை மதிப்பெண்?

ஆய்வு மாணவர்களும் கருத்தாய்வு நடத்தும் தொண்டு நிறுவனத்தாரும் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் வேடம் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கிறது. “மக்களிடம் திருப்தி பற்றிக் கேட்டோம். ‘கொஞ்சமும் இல்லை’ தொடங்கி ‘மிகவும் திருப்தி’ வரை ஐந்து பதில்கள். 1 முதல் 5 வரை எண் போட்டு எக்செல்லில் ஏற்றியாகிவிட்டது. சராசரி எடுத்துச் சாதாரணத் தொடர்புப்போக்கு போட்டால் போதும் என்கிறார் நெறியாளர். கட்டுரையை மதிப்பிட்டவரோ அது தப்பு, வேறு மாதிரி வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?”

அதற்கு முன், உங்கள் அறிக்கையின் முடிவுப் பகுதியில் என்ன வாக்கியம் வரப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘இவர்களுக்கும் அவர்களுக்கும் திருப்தியில் 0.55 புள்ளி வித்தியாசம்’ என்று எழுதப்போகிறீர்களா? ‘இவர்களில் நூற்றுக்கு 45 பேர் அதிருப்தியில் இருக்கிறார்கள், அவர்களில் 20 பேர்தான்’ என்று எழுதப்போகிறீர்களா? இரண்டும் ஒரே தரவிலிருந்து வரும் வாக்கியங்கள். இரண்டாவது, கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் புரியும். முதலாவதைச் சொன்னால் ‘எதில் 0.55?’ என்று திருப்பிக் கேட்பார்கள், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அந்த எண்கள் நான் இட்டுக்கட்டியவை அல்ல. கோபன்ஹேகன் நகரின் வாடகைக் குடியிருப்புகளில் இருந்த 1,681 பேரிடம் எடுத்த கருத்தாய்வு அது. மாட்சென் என்பவர் 1976-இல் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். ஆர் மென்பொருளின் ‘மாஸ்’ தொகுப்பில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. வீடு எப்படி என்ற கேள்விக்குத் திருப்தி குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று பதில்கள். கூடவே மூன்று விவரங்கள்: குடியிருப்பு நிர்வாகத்தில் தங்கள் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது, அக்கம்பக்கத்தாரோடு பழக்கம் எவ்வளவு, வீடு எந்த வகை. வகைகள் நான்கு: உயர்ந்த கோபுரக் கட்டடம், சாதாரண அடுக்குமாடி, நடுமுற்றம் வைத்த வீடு, வரிசை வீடு. கட்டுரை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் நீங்களும் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் நெறியாளர் கட்சி. பேச்சு எடுபடாதவர்கள் 627 பேர். அவர்களில் திருப்தி குறைவு 282, நடுத்தரம் 170, அதிகம் 175. பேச்சு நன்றாக எடுபடுகிறவர்கள் 395 பேர். குறைவு 79, நடுத்தரம் 87, அதிகம் 229. 1, 2, 3 என்று மதிப்பெண் கொடுத்தால் சராசரி 1.83-க்கும் 2.38-க்கும் போகிறது. திசை சரியாகத்தான் வருகிறது. ஆனால் குறைவிலிருந்து நடுத்தரத்துக்கு ஏறுவதும் நடுத்தரத்திலிருந்து அதிகத்துக்கு ஏறுவதும் ஒரே உயரம் என்று இந்தக் கணக்கு ஓசையில்லாமல் சொல்லிவிடுகிறது. பதில் சொன்ன 1,681 பேரில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. வரிசை மட்டும் தெரிந்த அளவைக்கும் இடைவெளியும் தெரிந்த அளவைக்கும் உள்ள வேறுபாட்டை 1946-இலேயே ஸ்டீவன்ஸ் வகைப்படுத்திக் காட்டினார். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. 2018-இல் லிடெல், குரூஷ்கி இருவரும் எழுதிய கட்டுரை என்னைப் பொறுத்தவரை வழக்கை ஓரளவு முடித்துவைத்தது. வரிசைப் பதில்களைச் சாதாரண எண்களாக நடத்தினால் இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியலாம், இருக்கும் வேறுபாடு கண்ணில் படாமல் போகலாம், சில சமயம் திசையே தலைகீழாகலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

இருந்தாலும் நெறியாளரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். லிக்கர்ட் 1932-இல் கொண்டுவந்த முறையில் ஒரு மனப்பான்மையை அளக்கப் பல கூற்றுகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அவற்றின் பதில்களைத் திரட்டி ஒரு மொத்த மதிப்பெண் வந்தது. பத்து, இருபது கேள்விகளின் கூட்டுத்தொகை உங்கள் கையில் இருந்தால் சாதாரணத் தொடர்புப்போக்கு பெரும்பாலும் கெடுதல் செய்யாது. ஒரே ஒரு கேள்வியின் பதிலை வைத்துக்கொண்டு லிக்கர்ட்டின் பெயரைச் சொல்வதுதான் வம்பு. அதுவும் பாதிப் பேர் ‘மிகவும் திருப்தி’யில் போய்க் குவிந்திருந்தால் சராசரி பக்கமே போகாதீர்கள்.

இப்போது மாற்று. நகரப் பேருந்தில் ஸ்டேஜ் கணக்கில் டிக்கெட் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பயணி போகும் தூரம் தொடர்ச்சியானது, டிக்கெட்டில் வருவது ஸ்டேஜ் மட்டும். ஒரு ஸ்டேஜ் நீளமாக இருக்கும், அடுத்தது குட்டையாக இருக்கும். டிக்கெட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. திருப்தியும் அப்படி மனத்துக்குள் தொடர்ச்சியாக ஓடுகிறது, அதை நாம் சில இடங்களில் வெட்டிப் பதிலாக வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வதே இந்த மாதிரியின் அடிப்படை. வெட்டுப்புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. தரவே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். மெக்கெல்வி, சவோய்னா இருவரும் 1975-இல் இதை புரொபிட் வடிவில் எழுதினார்கள். பீட்டர் மக்கல்லா 1980-இல் லாஜிட் வடிவத்தை விரிவாக எழுதிய பிறகு அதுவே புள்ளியியலாரின் முதல் தேர்வானது. மென்பொருள்களில் ‘புரொபோர்ஷனல் ஆட்ஸ்’ என்றும் ‘ஆர்டர்டு லாஜிட்’ என்றும் வருவது இதுதான். இங்கே குவிவு லாஜிட் என்று வைத்துக்கொள்வோம். லாஜிட்டா புரொபிட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் துறையில் எது வழக்கமோ அதை எடுங்கள். முடிவு பெரும்பாலும் மாறாது.

இந்த மாதிரி ஒன்றை மட்டும் உங்களிடம் நம்பச் சொல்கிறது. ஒரு மாறியின் தாக்கம் எந்த வெட்டில் பார்த்தாலும் ஒரே அளவு என்பது அது. நம்பலாமா என்று பார்க்க மென்பொருள்கூட வேண்டாம். சாதக விகிதம் என்பது ‘ஆம்’ பக்கம் இருப்பவர்களை ‘இல்லை’ பக்கம் இருப்பவர்களால் வகுத்தால் வருவது. முதல் வெட்டைக் ‘குறைவு’க்கு மேலே போடுங்கள். பேச்சு எடுபடாதவர்களில் வெட்டுக்கு மேலே 345, கீழே 282, விகிதம் 1.22. எடுபடுகிறவர்களில் மேலே 316, கீழே 79. விகிதம் சரியாக 4. பின்னதை முன்னதால் வகுத்தால் 3.27. இரண்டாவது வெட்டை ‘அதிகம்’ என்பதற்குக் கீழே போடுங்கள். எடுபடாதவர்களுக்கு 175-ஐ 452-ஆல் வகுக்க 0.39, எடுபடுகிறவர்களுக்கு 229-ஐ 166-ஆல் வகுக்க 1.38. வகுத்தால் 3.56. ஆக 3.27-உம் 3.56-உம். நான் இதை ‘ஒன்றுதான்’ என்று எடுத்துக்கொண்டு மேலே போவேன். மற்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து மாதிரி கொடுக்கும் கெழு 1.289. அதை அடுக்காக ஏற்றினால் 3.63 வருகிறது, கையால் போட்டதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

கைக்கணக்கு எங்கே நம்மை ஏமாற்றும் என்பதையும் இதே தரவில் பார்க்கலாம். அக்கம்பக்கப் பழக்கத்துக்கு இதே போலப் போட்டால் முதல் வெட்டில் 1.26, இரண்டாவதில் 1.11. ஆனால் மாதிரி சொல்வது 1.43, அதாவது இரண்டையும் விட அதிகம். காரணம் வீட்டு வகை. கோபுரக் கட்டடத்தில் இருந்த 400 பேரில் பழக்கம் அதிகம் உள்ளவர்கள் 45 விழுக்காடு. வரிசை வீடுகளில் இருந்த 277 பேரில் 66 விழுக்காடு. அதே வரிசை வீடுகளில் திருப்தி குறைந்தவர்கள் 48 விழுக்காடு, கோபுரங்களில் 25 விழுக்காடு. நன்றாகப் பழகுகிறவர்கள் பிடிக்காத வகை வீட்டில் அதிகமாக இருக்கிறார்கள். வகையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பழக்கத்தின் பங்கு பாதி மறைந்துவிடும். கைக்கணக்கு வெட்டுகளை ஒப்பிடத்தான், மாதிரிக்குப் பதிலாக அல்ல.

கெழு கிடைத்துவிட்டது, நட்சத்திரக் குறியும் போட்டாகிவிட்டது என்று பலர் இந்த இடத்தில் அட்டவணையை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அறிக்கை படிப்பவருக்கு 1.289 எதையும் சொல்லாது, 3.63 மடங்கு என்றாலும் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். ‘திருப்தி அடையும் வாய்ப்பு மூன்றரை மடங்கு’ என்று ஒருவர் எழுதிவிடுவார். அது சாதக விகிதத்தின் மடங்கு, நிகழ்தகவின் மடங்கு கிடையாது. ஆகவே நிகழ்தகவுகளாக மாற்றித் தாருங்கள். கோபுரக் கட்டடம், பழக்கம் குறைவு, பேச்சு எடுபடாது என்ற நிலையில் இருப்பவருக்கு மாதிரி கணிப்பது குறைவு 38, நடுத்தரம் 29, அதிகம் 33 விழுக்காடு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கப் பேச்சு மட்டும் நன்றாக எடுபடுகிறது என்றால் 14, 21, 65. முதல் நிலையிலேயே இருந்து கோபுரத்துக்குப் பதில் வரிசை வீட்டுக்குப் போனால் 64, 21, 14.

நடு எண்ணைக் கவனித்தீர்களா? ஒன்று திருப்தியைக் கூட்டுகிறது, இன்னொன்று குறைக்கிறது. இரண்டிலும் நடுத்தரம் 29-லிருந்து 21-க்கு இறங்குகிறது. கெழுவின் குறி இரு முனைகளிலும் இருக்கும் பதில்களைப் பற்றித்தான் பேசும். நடுவில் இருக்கும் பதில் கூடுமா குறையுமா என்பது வெட்டுப்புள்ளிகளைப் பொறுத்தது. ‘கெழு நேர்க்குறி, ஆகவே எல்லா மேல்நிலைப் பதில்களும் கூடின’ என்று எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். ஐந்து பதில்கள் இருக்கும்போது இந்தத் தவறு இன்னும் சுலபமாக நுழையும்.

இனி, வெட்டுக்கு வெட்டு சாதக விகிதத்தின் மடங்கு மாறினால் என்ன செய்வது என்ற கேள்வி. எவ்வளவு மாறுகிறது, எந்த விதமாக மாறுகிறது என்று பாருங்கள். 2.1, 2.6, 3.0 என்று ஒரே பக்கமாக மெல்ல ஏறினால் நான் பெரும்பாலும் குவிவு லாஜிட்டையே வைத்துக்கொண்டு, இப்படி ஏறுகிறது என்று ஒரு வரி எழுதிவிடுவேன். பிராண்ட் 1990-இல் தந்த சோதனை மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் பல ஆயிரம் பேர் கொண்ட சாம்பிளில் நடைமுறைக்குப் பொருட்டில்லாத மாறுபாட்டையும் அது பிடித்துச் சிவப்புக் கொடி காட்டும். ஐம்பது அறுபது பேர் என்றால் பெரிய மாறுபாட்டையும் விட்டுவிடும். பி மதிப்பைப் பார்த்து மாதிரியை மாற்றுவதைவிட, இரண்டு மாதிரிகளின் நிகழ்தகவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு விழுக்காடு வித்தியாசம் என்றால் எளிய மாதிரியே போதும்.

கவலைப்பட வேண்டியது வேறு ஒரு விதம். கீழ் வெட்டில் அந்த மடங்கு 1-க்குக் கீழே, மேல் வெட்டில் 1-க்கு மேலே வந்தால் அந்தக் குழு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று பொருள். புதிதாக வந்த ஒரு விதிமுறையைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் வசைபாடுகிறார்கள், நடுவில் ஆள் இல்லை. சராசரி இதைப் பார்த்து ‘வித்தியாசம் ஒன்றுமில்லை’ என்று சொல்லும். குவிவு லாஜிட்டும் அதையேதான் சொல்லும். உண்மையில் உங்கள் ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பே அந்தப் பிளவாக இருக்கலாம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பீட்டர்சன், ஹாரெல் 1990-இல் எழுதியபடி சிக்கலான மாறிக்கு மட்டும் வெட்டுக்கு ஒரு கெழு கொடுத்து, மற்ற மாறிகளுக்கு ஒரே கெழுவை வைத்துக்கொள்வது ஒன்று. அதில் ஒரு அபாயம் உண்டு: வெட்டுக்கோடுகள் ஒன்றையொன்று கடந்துபோய் எதிர்க்குறி நிகழ்தகவு வரக்கூடும், ஆகவே கணித்த நிகழ்தகவுகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். குழுவுக்குக் குழு பரவலே வேறு என்று மாதிரியில் சேர்ப்பது மற்றொன்று. ஆரில் ‘ஆர்டினல்’ தொகுப்பு அதைச் செய்து தரும். பிளவுதான் உங்கள் கதை என்றால் இரண்டாவது வழி அதை நேராகவே சொல்லும்.

வரிசையையே மறந்துவிட்டுப் பல்வகை லாஜிட்டுக்குப் போகலாமே என்று மதிப்பிட்டவர் சொல்லியிருக்கலாம். கோபன்ஹேகன் தரவில் குவிவு லாஜிட் 8 எண்களைக் கணிக்கிறது, பல்வகை லாஜிட் 14. ஆறு எண்கள் கூடுதலாகக் கொடுத்தும் டீவியன்ஸ் 3479.1-லிருந்து 3470.1-க்குத்தான் இறங்குகிறது, ஏஐசி 3495.1-லிருந்து 3498.1-க்கு ஏறிவிடுகிறது. எளிய மாதிரிக்கே வெற்றி. பதில்களுக்கு உண்மையிலேயே வரிசை உண்டா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் மட்டும் பல்வகைக்குப் போங்கள். ‘தெரியாது’, ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற பதில்களை 3 என்று எண் போட்டு நடுவில் செருகும் பழக்கம் இருக்கிறதே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவை அந்த வரிசையில் உட்கார்ந்த பதில்களே கிடையாது. தனியே எடுத்து, யார் அப்படிச் சொன்னார்கள் என்று வேறு ஒரு சாதாரண லாஜிட்டில் பாருங்கள். பல சமயம் பெண்களும் வயதானவர்களும் எந்தக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

சில பதில்கள் வரிசையில் இருந்தாலும் மனத்துக்குள் ஓடும் ஒரு அளவை வெட்டியதால் வந்தவை அல்ல. பத்தாம் வகுப்பு முடித்தவர், பன்னிரண்டு முடித்தவர், பட்டம் பெற்றவர் என்ற வரிசையில் ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்தது. ஒவ்வொரு படியிலும் ‘இதுவரை வந்தவர்களில் யார் தாண்டினார்கள்’ என்பதே கேள்வி. இதற்குப் படிமுறை லாஜிட் பொருத்தம். முதல் படியில் குறுக்கே நிற்பது வறுமையாக இருக்கலாம், மூன்றாவதில் கல்லூரியின் தூரமாக இருக்கலாம், படிக்குப் படி வேறு கெழு வந்தாலும் விளக்க முடியும். திருப்திக் கேள்விக்கு இந்த மாதிரியைப் போடாதீர்கள். ‘நடுத்தரம்’ என்றவர் ‘குறைவு’ என்ற வாசலைத் தாண்டி வந்தவர் இல்லையே.

ஐந்தை இரண்டாகச் சுருக்கி, ‘திருப்தி உண்டு, இல்லை’ என்று சாதாரண லாஜிட் போடும் குறுக்குவழி சந்தை ஆய்வு நிறுவனங்களுக்குப் பிரியமானது. வாடிக்கையாளர் கேட்டால் செய்துகொடுங்கள், ஆய்வுக்கு வேண்டாம். சேகரித்த தகவலைக் கையோடு தூக்கி எறிகிறீர்கள், வெட்டை எங்கே போடுவது என்ற தீர்மானத்திலும் ஆசை புகுந்துவிடும். கடைசிப் பதிலை நான்கே பேர் சொல்லியிருந்தால் அதைப் பக்கத்துப் பதிலோடு சேர்ப்பது வேறு விஷயம், அது செய்யலாம். அனுமானம் பொருந்தும் வரை, பக்கத்துப் பதில்களைச் சேர்த்தாலும் கெழுவின் பொருள் மாறாது என்பது குவிவு லாஜிட்டின் நல்ல குணங்களில் ஒன்று.

ஒருவரிடமே பல முறை கேட்டிருந்தாலும், ஒரு கிராமத்திலிருந்து பலரை எடுத்திருந்தாலும், அந்தப் பதில்கள் தனித்தனிச் சாட்சிகள் ஆகா. ராண்டல் 1989-இல் வெளியிட்ட ஒயின் கசப்புத் தரவு இதற்கு நல்ல பாடம்: 9 சுவைஞர்கள், 72 சுவைப்புகள், 1 முதல் 5 வரை கசப்பு. சுவைஞரைக் கணக்கில் எடுக்காத மாதிரியில், ஒயின் தயாரிப்பின்போதைய வெப்பத்தின் கெழு 2.50; சுவைஞருக்கு ஒரு சமவாய்ப்பு விளைவு சேர்த்தால் 3.06. நாக்குக்கு நாக்கு வித்தியாசத்தைப் பிரித்து எடுத்த பிறகு வெப்பத்தின் பங்கு தெளிவாகிறது. சாம்பிளில் எடைகள் இருந்தால் ஆரின் ‘சர்வே’ தொகுப்பில் வரிசைப் பதில்களுக்கான கட்டளை உண்டு. எடையை விட்டுவிட்டு மாநிலத்துக்கே பேசாதீர்கள்.

ஓட்டும் முன் இரண்டு சின்னச் சோதனைகள். பதில்களைச் சொற்களாக ஏற்றி, வரிசை சொல்லாமல் ‘ஃபேக்டர்’ ஆக மாற்றினால் ஆர் அவற்றை அகர வரிசையில் அடுக்கிவிடும்: அதிகம், குறைவு, நடுத்தரம். எந்த எச்சரிக்கையும் வராது, அழகான அட்டவணை வரும், அத்தனையும் குப்பை. வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்கள். அடுத்தது கெழுவின் குறி. ஆரின் மாஸ் தொகுப்பிலும் ஸ்டேட்டாவிலும் நேர்க்குறி என்றால் மேல்நிலைப் பதில் பக்கம் நகர்வு; சாஸ் மென்பொருளில் நீங்கள் மாற்றாவிட்டால் குவிவு கீழிருந்து வருவதால் அதே தரவுக்குக் குறி தலைகீழாகும். பேச்சு எடுபடுகிறவர்களில் 58 விழுக்காடு ‘அதிகம்’ என்றார்கள், எடுபடாதவர்களில் 28 விழுக்காடு. இப்படி ஒரு நேர் அட்டவணையை முதலில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு குறியைச் சரிபாருங்கள். கட்டுரையின் முறைப் பகுதியில் எந்த மென்பொருள், எந்தக் கட்டளை, குவிவு எந்தப் பக்கத்திலிருந்து என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டால், மதிப்பிடுபவரும் அதே எண்களைத் தானே போட்டுப் பார்த்துக்கொள்வார்.